ரோலர் கோஸ்டர் ஏன் பாதியில் நிற்கிறது?

பள்ளி விடுமுறைக் காலத்தில் சமூக ஊடகங்களில் தவறாமல் வலம்வரும் காணொளி ஒன்று உண்டு. ஏதோ ஒரு நாட்டில் ரோலர் கோஸ்டர் ஏற்றத்தின் நடுவில் நின்றுபோயிருக்கும். பயணிகள் ஊழியர்களின் துணையோடு ஓரப் படிக்கட்டில் மெல்ல இறங்கி வருவார்கள். “இனி இதில் ஏறவே மாட்டேன்” என்று கருத்துகள் குவியும்.

பொறியியல் மாணவியான எனக்கு அந்தக் காணொளி நிம்மதியைத்தான் தருகிறது. சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த வண்டிக்குக் கொடுக்கப்பட்டுள்ள முதல் கட்டளை.

தெம்பனிஸ்வாசிகளுக்கு இதை எம்ஆர்டியை வைத்தே விளக்கலாம். சீமெய் நிலையத்தில் ஒரு ரயில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கிளம்பி வழிவிடும்வரை, தெம்பனிஸிலிருந்து வரும் அடுத்த ரயில் நிலையத்துக்குள் நுழைய முடியாது. தண்டவாளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் அனுமதிப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில்வேயில் தோன்றிய முறை. ரோலர் கோஸ்டரும் அதைத்தான் பின்பற்றுகிறது. ஒரே தடத்தில் மூன்று வண்டிகள் ஓடினால் குறைந்தது நான்கு பகுதிகளாவது வேண்டும். வண்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை உணர்கருவிகள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். பெரும்பாலான ரோலர் கோஸ்டர் வண்டிகளில் இயந்திரமே கிடையாது. உச்சியைத் தாண்டியபின் அவற்றை ஓட்டுவது புவியீர்ப்பு விசை. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஏற்றத்திலோ பிரேக் பொருத்திய இடத்திலோ மட்டும்தான் நிறுத்தலாம். அதனால்தான் காணொளிகளில் வண்டி பெரும்பாலும் ஏற்றத்தில் நிற்கிறது. முன்னால் போன வண்டியில் யாரோ இறங்கத் தாமதித்தது கூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அந்த பிரேக்கும் சுவாரசியமானது. காரில் நாம் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். பல ரோலர் கோஸ்டர்களில் இது தலைகீழ். கம்பிச்சுருள்கள் எப்போதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். அழுத்தப்பட்ட காற்றுதான் அதைத் திறந்து வைக்கிறது. மின்சாரம் போனாலும் காற்றுக்குழாய் உடைந்தாலும் பிரேக் தானாகவே இறுகிவிடும்.

காந்த பிரேக்குக்கு மின்சாரமே தேவையில்லை. வலுவான காந்தங்களுக்கு நடுவே உலோகத் தகடு பாயும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதுவே வேகத்தை எதிர்க்கிறது. லென்ஸ் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் இங்கே அதை உடம்பால் உணரலாம். வேகம் குறையக் குறைய இந்த விசையும் குறைவதால், வண்டியை முழுமையாக நிறுத்த உராய்வு பிரேக்கும் வேண்டும்.

ஏற்றத்தில் கேட்கும் ‘டக் டக்’ ஓசை பயமுறுத்துவதற்காகச் சேர்க்கப்பட்டதன்று. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்க, ஒரு கொக்கி பல் பலாக விழும் ஓசை அது. தடத்தைவிட்டு வண்டி எழும்பாமல் இருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரங்கள் உண்டு. இவ்விரண்டுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டியவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர்.

இருக்கைத் தடுப்புக் கம்பி எம்ஆர்டி நடைமேடைக் கதவைப் போன்றது. எல்லாம் பூட்டப்பட்டதாகத் தகவல் வராதவரை வண்டி புறப்படாது. அதற்குப் பிறகும் ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்ப்பார்.

இவ்வளவு இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது? பிரிட்டனின் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவில் 2015ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். ‘ஸ்மைலர்’ தடத்தில், ஆளில்லாத சோதனை வண்டி ஒன்று வழியில் நின்றுவிட்டது. பின்னால் 16 பேருடன் வந்த வண்டியைக் கணினி சரியாகவே ஏற்றத்தில் நிறுத்தியது. பொறியாளர்களுக்கோ முன்னால் ஒரு வண்டி நிற்பது தெரியவில்லை. கணினிதான் தவறு செய்கிறது என்று நினைத்து, அதன் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். மோதலில் ஐந்து பேர் படுகாயமடைந்தனர். இளம்பெண்கள் இருவர் காலை இழந்தனர். மறு ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 5 மில்லியன் பவுண்ட் அபராதம் விதித்தது. தடையை மீறுவதற்குமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்ற தெளிவான நடைமுறையை நிறுவனம் வகுத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தியவரை மட்டும் குற்றஞ்சொல்லி முடித்துவிடாதது எனக்கு நியாயமாகவே படுகிறது.

சிங்கப்பூரிலும் நிறுத்திப் பார்த்த கதை உண்டு. செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா 2010 மார்ச்சில் திறந்தபோது, 42.5 மீட்டர் உயர ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ இரட்டை ரோலர் கோஸ்டர்தான் அதன் பெரிய ஈர்ப்பு. ஒரே வாரத்தில் இருக்கையிலிருந்து ஒரு திருகாணி கழன்றது. யாருக்கும் காயமில்லை. என்றாலும் சவாரி மூடப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் மீண்டும் இயங்கியது. அதே 2011ல், கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென்றே நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேறியது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைச் செயல்படுத்துகிறது. அதன் அனுமதியின்றி இத்தகைய சவாரியை இயக்க முடியாது.

2013 ஜூலையில், மறுஆய்வு என்று சொல்லி இரட்டைத் தடங்களும் திரும்ப மூடப்பட்டன. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் போகலாம் என்று காத்திருந்த எத்தனையோ பேருக்கு ஏமாற்றம்! ஏறத்தாழ ஈராண்டுக்குப் பிறகு, 2015 மே மாதம் தடங்கள் திறந்தபோது வண்டிகளே மாறியிருந்தன. முன்பு ஒரு வரிசையில் நால்வர் அமர்ந்தார்கள், இப்போது இருவர்.