சோதனை முடிந்தது, கூடாரத்தைப் பிரித்தோமா?

“உன் நிரல்தான் மெதுவா ஓடுது. முதல்ல அதைச் சரிபண்ணு.”

கடந்த பருவத்தில், பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் எங்கள் குழுவினர் நால்வரும் அமர்ந்திருந்தபோது என் தோழியிடம் நான் சொன்ன வார்த்தைகள் இவை. கணினி வலையமைப்புப் பாடத்திற்காக, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்பும் மென்பொருளை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அனுப்பும் பகுதி அவளுடைய பொறுப்பு. வெறும் ஒரு மெகாபைட் கோப்பு போய்ச் சேர மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆனது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

“என் மடிக்கணினியில ஒரு வினாடிகூட ஆகலையே” என்றாள் அவள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று நான் சிரித்தேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு இரவுகள் அவள் அந்த நிரலை முதலிலிருந்து மாற்றி எழுதினாள். வேகம் மாறவில்லை. குழுவைவிட்டு விலகிவிடலாமா என்று மூன்றாம் நாள் இன்னொரு நண்பரிடம் கேட்டிருக்கிறாள். உண்மையில் அவள் எழுதிய முதல் நிரலிலேயே எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு, நான் ஒரு வாரத்துக்கு முன்பு அந்தக் கணினியில் போட்டு, எடுக்க மறந்துவிட்டுப்போன ஒரே ஒரு கட்டளையில் இருந்தது.

பொய்யான வலையமைப்பு, உண்மையான சோதனை

கணினிப் பாடம் எடுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கணினிக்குள் ஓடி முடியும் நிரல்களைத்தான் எழுதுவார்கள். எண்களைக் கொடுத்தால் விடை வரும். விடை சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும்.

வலையமைப்பு மென்பொருள் அப்படியில்லை. அதைச் சோதிக்க இரண்டு கணினிகளாவது வேண்டும். நடுவே ரவுட்டர் வேண்டும். சில நேரங்களில் இணைப்பு மெதுவாக வேண்டும், சில நேரங்களில் தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோக வேண்டும். எம்ஆர்டி சுரங்கப்பாதையில் வாட்ஸ்அப் அழைப்பு திக்குவதுபோன்ற நிலையை நாம் கேட்டபோதெல்லாம் வரவழைக்க முடியவேண்டும்.

அதற்காகப் பத்துக் கணினிகள் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் ‘நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்’ என்று ஒரு வசதி உள்ளது. ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பித் தனித்தனி அறைகள் அமைப்பதுபோல, ஒரே கணினிக்குள் தனித்தனி வலையமைப்புகளை அது உருவாக்கித் தருகிறது. ஒவ்வோர் அறைக்கும் தனி முகவரி, தனி வழித்தடப் பட்டியல், தனிப் பாதுகாப்பு விதிகள். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது.

இரண்டு அறைகளை இணைக்க ‘வீஎத்’ எனப்படும் மெய்நிகர்க் கம்பி உண்டு. அது எப்போதும் இரட்டையாகத்தான் பிறக்கும். ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் வெளிவரும். பல அறைகளை இணைக்க வேண்டுமென்றால், நடுவில் ‘பிரிட்ஜ்’ ஒன்றை வைத்து எல்லாக் கம்பிகளையும் அதில் செருகலாம்.

புதிதாகத் தொடங்குவோர் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிதாக உருவான அறையில் ‘லூப்பேக்’ எனப்படும் தன்னுடன் தானே பேசும் இணைப்பு மட்டுமே இருக்கும். அதுவும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை நாமே இயக்காவிட்டால், 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரிக்கு அனுப்பும் ‘பிங்’கூடப் போகாது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன்.

இணைப்பை வேண்டுமென்றே கெடுப்பதற்கும் ஒரு கருவி உண்டு. ‘டிசி’ என்ற கட்டளையுடன் வரும் ‘நெட்எம்’, ஒவ்வொரு பொட்டலத்தையும் நாம் சொல்லும் மில்லிவினாடிக்குத் தாமதப்படுத்தும். நூற்றில் ஐந்தைத் தொலைக்கச் சொன்னால் தொலைக்கும். வரிசையை மாற்றச் சொன்னால் மாற்றும்.

நான் சிக்கியது இந்தக் கருவியில்தான்.

200 மில்லிவினாடி சொன்ன உண்மை

அன்று எனக்கு அவசரம். அறைகள், கம்பிகள் எல்லாம் அமைக்கப் பொறுமையில்லை. பொதுக் கணினியின் லூப்பேக் இணைப்பிலேயே நேரடியாக 100 மில்லிவினாடித் தாமதத்தைப் போட்டு, என் பகுதியைச் சோதித்தேன். வேலை முடிந்தது. கணினியிலிருந்து வெளியேறி, சாப்பிடப் போய்விட்டேன். அதன்பிறகு என் மடிக்கணினியில்தான் வேலை செய்தேன்.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அந்தக் கணினியை யாரும் மறுதொடக்கம் செய்வதில்லை. மறுதொடக்கம் செய்திருந்தால் என் தாமதம் தானாக மறைந்திருக்கும். வீட்டிலிருந்து அதற்குள் நுழைந்தவர்களுக்கும் எந்தத் தாமதமும் தெரியவில்லை. அவர்கள் வந்தது வேறு இணைப்பு வழியாக. அந்தக் கணினிக்குள்ளேயே அனுப்புநரையும் பெறுநரையும் வைத்துச் சோதித்தவருக்கு மட்டும்தான் தாமதம். அது என் தோழி.

மூன்றாம் நாள் இரவு, அவள் தன் நிரலைவிட்டு முற்றிலும் விலகி, ஓர் எளிய காரியம் செய்தாள். அந்தக் கணினியிலிருந்து அதே கணினிக்குப் ‘பிங்’ அனுப்பினாள். வழக்கமாக ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அன்று 200 மில்லிவினாடி ஆனது. போகும்போது 100, திரும்பும்போது 100.

அவளுடைய நிரல் ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததை அனுப்பும். பாடத்தில் கேட்கப்பட்ட முறையும் அதுதான். ஒரு பொட்டலத்தில் 1,000 பைட். ஒரு மெகாபைட்டுக்கு 1,000 பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் 0.2 வினாடி என்றால் மொத்தம் 200 வினாடி, அதாவது 3 நிமிடம் 20 வினாடி. எங்கள் கைக்கடிகாரம் காட்டியதும் அதேதான்.

திரைப்பிடிப்பைக் குழுவுக்கு அனுப்பி, “இது யாருடையது?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் அறிக்கையின் வரைவில் ‘அனுப்பும் பகுதியின் வடிவமைப்பு மெதுவானது’ என்று நான் எழுதியிருந்த பத்தி அப்போது இன்னும் அப்படியே இருந்தது. சமர்ப்பிக்க நான்கு நாள்களே மிச்சம்.

பிரிப்பதும் வேலையின் பாதி

நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் திருமணம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல்நாளே மேசை, நாற்காலி, அலங்காரம், சமையல் இடம் எல்லாம் வந்துவிடும். திருமணம் முடிந்ததும் அத்தனையும் போய்விடும். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே எதுவுமே நடக்காததுபோல் கடந்து செல்வார்கள். அப்படிப் பிரித்து முடித்தால்தான் விழா முடிந்ததாகக் கணக்கு.

சோதனைச் சூழலும் அப்படித்தான் இருக்கவேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழு சில விதிகளை வகுத்துக்கொண்டது.

முதல் விதி, எதையும் கையால் தட்டச்சு செய்து அமைக்கக்கூடாது. அமைக்க ஒரு நிரல், பிரிக்க ஒரு நிரல். அமைக்கும் நிரலில் ஒரு வரி சேர்த்தால், பிரிக்கும் நிரலில் அதற்கு ஈடான வரியை அப்போதே சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, கட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் பிரிக்கவேண்டும். முதலில் அறைக்குள் ஓடும் நிரல்களை நிறுத்த வேண்டும். உள்ளே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அறையை நீக்கினால், அறையின் பெயர்தான் பட்டியலிலிருந்து மறையும், அறை மறையாது. நிரல்களை நிறுத்திவிட்டு அறையை நீக்கினால், அதனுள் இருந்த வீஎத் முனை போகும், அதன் இரட்டையும் சேர்ந்து போகும், அவற்றில் போட்ட நெட்எம் தாமதமும் போகும். நான் லூப்பேக்கில் போட்டதை ஓர் அறைக்குள் போட்டிருந்தால், அறையோடு சேர்ந்து அதுவும் அழிந்திருக்கும். ஆனால் வெளியே அமைத்த பிரிட்ஜ், பாதுகாப்பு விதிகள், பொட்டலங்களைக் கடத்திவிட அனுமதிக்கும் அமைப்பு ஆகியவை தானாகப் போகா. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கவேண்டும்.

மூன்றாவது, சோதனை தோற்றாலும் பிரிக்கவேண்டும். சோதனை பாதியில் நிற்கும்போதுதான் குப்பை மிஞ்சுகிறது. ‘ஷெல்’ நிரல்களில் ‘டிராப்’ என்ற கட்டளையும், பைத்தானில் ‘ஃபைனலி’ பகுதியும், எப்படி வெளியேறினாலும் சுத்தம் செய்துவிட்டுப் போ என்று சொல்லப் பயன்படும். ஆனால் நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் ‘கில் -9’ வந்தால் அவற்றுக்கும் வாய்ப்பில்லை. அதனால், தொடங்கும்போதும் ஒருமுறை சுத்தம் செய்கிறோம். முந்தைய சோதனை ஒழுங்காக முடிந்திருக்கும் என்று நம்புவதில்லை.

நான்காவது, நம்முடையதை மட்டும் நீக்கவேண்டும். எல்லாப் பாதுகாப்பு விதிகளையும் ஒரே அடியாகத் துடைத்தெறிவது எளிது. தொலைவிலிருந்து நுழைந்த கணினியில் அப்படிச் செய்தால், நாமே வெளியே பூட்டப்படலாம். அடுத்தவர் வேலையும் கெடும். எனவே எங்கள் அறை, கம்பி எல்லாவற்றுக்கும் ஒரே முன்னொட்டு வைத்தோம். லினக்ஸில் இணைப்பின் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் முன்னொட்டைச் சிறியதாக வைத்தோம்.

ஐந்தாவது, பிரித்த பிறகு சரிபார்க்கவேண்டும். தொடங்குமுன் இணைப்புகளின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவைத்து, முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரு வரி வேறுபட்டாலும் சோதனை தோல்வி என்றே கொள்கிறோம்.

வெளியே கசியக்கூடாது

முகவரிகளிலும் கவனம் தேவை. மனத்தில் தோன்றும் எண்ணைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். 1.1.1.1 அப்படிப் பலர் எடுத்த முகவரி. அது யாருக்கும் ஒதுக்கப்படாதது என்று நினைத்துப் பல சாதனங்களில் போட்டுவைத்தார்கள். 2010இல் அந்த முகவரித் தொகுதியை இணையத்தில் அறிவித்துப் பார்த்தபோது, தேவையற்ற பொட்டலங்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தன. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதில் பொதுச் சேவையைத் தொடங்கியபோது, சில வலையமைப்புகளிலிருந்து அதை அடையவே முடியவில்லை.

இதற்காகவே தனி முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 10, 192.168 எனத் தொடங்கும் தனியார் முகவரிகளை வீட்டு ரவுட்டரில் பார்த்திருப்பீர்கள். 192.0.2, 198.51.100, 203.0.113 எனத் தொடங்குபவை பாடநூல், கையேட்டு எடுத்துக்காட்டுகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. ‘.டெஸ்ட்’ என்று முடியும் இணையப் பெயரும் சோதனைக்காக 1999இலேயே ஒதுக்கப்பட்டது.

சோதனை செய்யாதது எது?

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவர். சிங்கப்பூரில் நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகமெங்கும் முடங்கின. சீராக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது.

காரணத்தை நிறுவனமே பின்னர் விளக்கியது. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. பேரிடர் ஒத்திகைகள் நடத்தும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆனால் முதுகெலும்பு முழுவதும் விழுவதுபோல் அதுவரை ஒத்திகை பார்த்ததில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. சோதனைச் சூழலில் எதை அமைக்கவில்லையோ, அதை நாம் சோதிக்கவும் இல்லை. காவலுக்கு வைத்த கருவியையும் சேர்த்துச் சோதிக்கவேண்டும்.

நீங்களும் முயலலாம்

கணினித்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் இன்றே தொடங்கலாம். செலவில்லை. உங்கள் கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினி அமைத்து, அதில் லினக்ஸ் நிறுவுங்கள். தவறு நேர்ந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். பள்ளி, விடுதி வலையமைப்பில் நேரடியாகச் சோதிக்காதீர்கள். முகவரி வழங்கும் சேவை ஒன்றை நீங்கள் தவறுதலாக அங்கே இயக்கிவிட்டால், பக்கத்து அறைக்காரரின் இணையம் நின்றுபோகலாம்.

இரண்டு நேம்ஸ்பேஸ், ஒரு வீஎத் கம்பி. இரு முனைகளிலும் 50 மில்லிவினாடித் தாமதம். பிங் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பட்டியல் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் எளிய வழி வேண்டுமானால் ‘மினிநெட்’ உள்ளது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தக் கருவி, ஒரே கட்டளையில் ஒரு குட்டி வலையமைப்பைக் கட்டித் தரும். மிச்சங்களைக் கூட்டிப் பெருக்குவதற்கென்றே அதில் ‘-சி’ என்ற தேர்வும் உண்டு. அதை உருவாக்கியவர்களுக்கும் என்னைப்போன்ற அனுபவம் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் திட்டப்பணியை உரிய நாளில் சமர்ப்பித்தோம். தோழி எழுதிய முதல் நிரலையே திரும்பச் சேர்த்தோம். அறிக்கையிலிருந்த அந்தப் பத்தியை நீக்கி, என்ன நடந்தது என்பதை என் பெயரைக் குறிப்பிட்டே எழுதினேன். நால்வரும் இருக்கும்போது குறை சொன்னவன் என்பதால், நால்வரும் இருக்கும்போதே அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

“பரவாயில்லை” என்று அவள் உடனே சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “அடுத்த தடவை யாராவது ‘என் கணினியில நல்லா ஓடுது’ன்னு சொன்னா, முதல்ல உன் கணினியைப் பாரு” என்றாள்.

இப்போது கணினிக்கூடத்தில் உட்கார்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, என் கணினிக்கே ஒரு பிங் அனுப்புவதுதான்.