மூழ்கும் தீவில் ஒரு பகல் விருந்து

சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறது மன்றோதுருத்து. சொந்தக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள்.

தம்பானூரில் மழை பிடித்துக்கொண்டால் ரயிலுக்குப் போகிறவர்கள் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொள்ள வேண்டும் என்பது திருவனந்தபுரத்துக்காரர்களின் பழைய அனுபவம். வயலும் நீர்நிலையுமாக இருந்த பள்ளத்தில்தான் 1931ல் ரயில் நிலையம் வந்தது. தண்ணீர் தன் பழைய முகவரியை மறக்கவில்லை. 2015ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் சூட்டி, ஆக்கிரமிக்கப்பட்ட ஓடைகளைத் தோண்டினார்கள். பெருமழைக்கு இன்னமும் தேங்கத்தான் செய்கிறது.

இந்தப் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பஸ் நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸில், சாய்தளத்தில் வரிசையாக ஏறும் மேஜைகளில் ஒன்றில் உட்கார்ந்து, தலைப்பாகை அணிந்த சர்வர் கொண்டுவரும் பீட்ரூட் மசாலா தோசையை முடித்துவிட்டு ரயில் ஏறலாம். கொல்லம் வரை 65 கிலோமீட்டர். அங்கே இறங்கி கோட்டயம் மார்க்கமாகப் போகும் மெமுவில் மாற வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெரும்பாலும் மன்றோதுருத்தைக் கண்டுகொள்ளாமல் பறந்துவிடும்.

கொல்லத்தைத் தாண்டிய சில நிமிடங்களில் வண்டி அஷ்டமுடிக் காயல் மேல் பெருமண் பாலத்தில் ஏறுகிறது. சன்னலோரப் பயணிகள் காமிராவை எடுக்கும் இடம். 1988 ஜூலை 8 அன்று பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்க்கொண்டிருந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் இதே இடத்தில்தான் காயலில் விழுந்தன. 105 பேர் இறந்தார்கள். சுழற்காற்று தூக்கி எறிந்தது என்றது ரயில்வே விசாரணை. கரையில் உள்ளவர்கள் அதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. பாலம் முடிந்ததும் அடுத்த நிலையம், சின்னஞ்சிறியது. இறங்கியதும் படகுக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

துருத்து என்ற மலையாளச் சொல்லைக் கேட்டுத் தமிழர்கள் விழிக்க வேண்டியதில்லை. ஆற்றிடைக் குறைக்கு நம்மிடமும் துருத்தி என்றுதான் பெயர், திருப்பூந்துருத்தி இருக்கிறதே. கல்லடையாறு அஷ்டமுடியில் வந்து கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலாலேயே உருவான சிறு தீவுகளின் கூட்டம் இது. மொத்தம் சுமார் 13 சதுர கிலோமீட்டர். குளத்தூப்புழைப் பக்கத்து மலைகளில் பிறந்து, தென்மலை, புனலூர் வழியாக வரும் ஆறு. செங்கோட்டையிலிருந்து ரயிலில் கொல்லம் போகிறவர்கள் வழியில் இதைப் பார்த்திருப்பார்கள்.

மன்றோ யார் என்பதில்தான் குழப்பம். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ. இவர் வேறு: கர்னல் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் கம்பெனியின் ரெசிடென்ட். நடுவே சில ஆண்டுகள் திவான் பதவியும் அவரிடமே. அவர் வந்த நேரம் முக்கியமானது. தீவுக்கு நுழைவாயில் போல இருக்கும் குண்டறையிலிருந்துதான் 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்டார். தளவாயின் சொந்த ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளம். அந்த ஆண்டிலேயே கிளர்ச்சி ஒடுங்கியது, வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முழங்கிய இடத்துக்குப் பக்கத்து நிலமே கம்பெனி அதிகாரியின் பெயரைச் சுமப்பது வரலாற்றின் குறும்பு. கோட்டயத்தில் சிரியன் கிறிஸ்தவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரியின் செலவுக்கென திருவிதாங்கூர் ராணி இந்த நிலத்தைக் கொடுத்தார். முன்னின்று வாங்கித் தந்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

படகு என்றால் ஆலப்புழையின் குளுகுளு அறை வைத்த ஹவுஸ்போட் அல்ல. ஒற்றை வள்ளம், பின்னால் நின்றபடி மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும் ஒருவர். அவரே வழிகாட்டி. கொல்லம் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கவுன்சில் இந்தச் சுற்றுலாவைத் தொடங்கி நாளாகிறது. இப்போது தீவு இளைஞர்கள் பலரும் தனியாகவே நடத்துகிறார்கள். தோடுகள் என்று அழைக்கப்படும் கால்வாய்கள் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகின்றன. நம் ஊரில் தெரு இருக்கும் இடத்தில் இங்கே தண்ணீர். மேலே சின்னச் சின்னக் கான்கிரீட் பாலங்கள் குறுக்கிடும்போதெல்லாம் வள்ளத்தில் இருப்பவர்கள் குனிய வேண்டும், சில இடங்களில் கிட்டத்தட்டப் படுக்கவே வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

கரையில் தேங்காய் மட்டை ஊறும் வாடை. மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நார் பிரித்து, ராட்டில் கயிறு திரிப்பது இங்கே தலைமுறைத் தொழில், அதிலும் பெண்களின் தொழில். இன்று சுற்றுலாவுக்காகத் திரித்துக் காட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. கேரளக் கயிறுத் தொழிலுக்கான நாரில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது. தீவின் தென்னைகளும் உப்பில் மெலிந்து நிற்கின்றன. நெல் வயல்களாக இருந்தவை இறால் கெட்டுகளாகிவிட்டன.

சாப்பாட்டு விஷயத்தில் தீவு கை விரிக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் இலை போடுகிறார்கள். கொட்டை கொட்டையான சிவப்பு அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் குழம்பு, வேகவைத்து மசித்த கப்பைக் கிழங்கு. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது விருந்தாளி வீட்டுச் சாப்பாடாகவே தோன்றாது. மரச்சீனியும் மீனும் அவர்கள் வீட்டிலும் உண்டு. 1956 வரை எல்லாரும் ஒரே ராஜ்யத்துப் பிரஜைகள்தானே. இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இதுதான்.

மேஜையின் நாயகன் கரிமீன். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வளரும் தட்டை மீன். 2010ல் கேரளத்தின் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். மிளகும் மிளகாயும் சின்ன வெங்காயமும் பூசி, வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் வாட்டி எடுத்தால் ‘பொள்ளிச்சது’. கேரள ஓட்டல்களில் தட்டுக்கு வரும் கரிமீனில் கணிசமான பகுதி ஆந்திரப் பண்ணைகளிலிருந்து வருவது. இங்கே காலையில் வலையில் விழுந்ததைக் கண் எதிரே வாட்டித் தருகிறார்கள். முள்ளுக்குப் பயப்படாதவர்களுக்கு வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

ஆனால் என் ஓட்டு கக்காவுக்குத்தான். நம் கடற்கரையில் மட்டி என்பார்களே, அதே இனம். ஓட்டிலிருந்து எடுத்த சதையைத் தேங்காய்ப் பல்லும் மிளகும் சேர்த்துச் சுருள வதக்குகிறார்கள். இந்தக் கக்காவுக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. அளவுக்கு மீறி அள்ளியதில் விளைச்சல் விழுந்ததும், இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதில்லை என்று முடிவானது. அதன் பலனாக 2014ல் மரீன் ஸ்டீவார்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழ் அஷ்டமுடிக் கக்காவுக்குக் கிடைத்தது. இந்திய மீன்பிடிப்பு ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஆண்கள் கூட்டம் முதலில் விசாரிப்பது வேறொன்று. கள்ளுக்கடை எங்கே? 1987லிருந்து கள் மூடிய மாநிலத்துக்காரர்களின் ஆர்வத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சாப்பிட்ட திண்ணைக்கே திரும்புவோம். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது. பக்கத்து வீட்டின் கதவு பாதிதான் திறக்கிறது, தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அதற்கடுத்த வீட்டில் ஆளே இல்லை. கூரை போன சுவர்களுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது. பயணிகள் அதையும் படம் பிடிக்கிறார்கள்.

ஓதம் ஏறும்போது காயல் வீட்டுக்குள் வருகிறது. முன்பு வருடத்தில் சில நாள் நடந்தது, இப்போது மாதக்கணக்கில் நீடிக்கிறது. கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்துகிறார்கள், அடுப்பை மேடையில் ஏற்றுகிறார்கள். கழிப்பறை வேலை செய்வதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்து நடக்கின்றன. இந்தத் தீவில் பெண் கொடுக்க வெளியூர்க்காரர்கள் யோசிக்கிறார்கள் என்பது பெற்றோரின் புலம்பல். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குண்டறை, கொல்லம் பக்கம் போய்விட்டன. போக வழியில்லாதவர்களின் கஷ்டம் வேறு மாதிரி: மூழ்கும் மனையை யார் வாங்குவார்?

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் என்பது பலரின் உறுதியான கருத்து. 1958ல் போட்ட ரயில் பாதையின் அதிர்வு என்கிறார்கள் தண்டவாளத்தை ஒட்டி இருப்பவர்கள். கடல் மட்டம் உயர்வதைச் சொல்கிறார்கள் விஞ்ஞானிகள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தீவு உருவான விதத்தை யோசித்தால் விரல் மேற்கே கடலை நோக்கி அல்ல, கிழக்கே மலையை நோக்கித்தான் நீள வேண்டும். கல்லடை நீர்ப்பாசனத் திட்டத்துக்காக எண்பதுகளில் தென்மலையில் அணை எழுந்தது. கொல்லம் மாவட்டத்து வயல்களுக்கு அது தண்ணீர் கொடுத்தது. முன்பெல்லாம் ஆடிமாத வெள்ளம் வடியும்போது தீவெங்கும் வண்டலை விட்டுப் போகும். ஜனங்கள் அதை வாரித் தென்னைக்கு அடியிலும் வீட்டுத் தளத்திலும் போட்டு மனையை ஆண்டுதோறும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்கள். அணை வந்தபின் வண்டல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டது. மிச்சமிருந்த ஆற்று மணலை லாரிகள் அள்ளின. இளகிய மண் தானாக அமுங்குகிறது, மேலே போட மண் இல்லை. அணையைத் திட்டமிட்டவர்களின் கணக்கில் ஆற்றின் கடைசி ஊர் இருந்ததாகத் தெரியவில்லை. 2002ல் அஷ்டமுடி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்ததால் வண்டல் வந்துவிடவில்லை.

சுற்றுலா இவர்களுக்கு என்ன செய்கிறது? கயிறும் நெல்லும் கைவிட்ட பிறகு பணம் வரும் வழி இது ஒன்றுதான் என்பதை மறுக்க முடியாது. வள்ளம் தள்ளுகிறவருக்கும் இலை போடுகிற வீட்டுக்கும் காசு நேராகப் போகிறது. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் தூண் எழுப்பி ஹோம்ஸ்டே கட்டுகிறார்கள். திருவோணத்திலிருந்து 28ம் நாள் நடக்கும் கல்லடைப் படகுப் போட்டியின்போது கரை கொள்ளாத கூட்டம். ஆனால் பயணி ஒரு பகலில் திரும்பிவிடுகிறார். இரவில் ஏறும் தண்ணீரை அவர் பார்ப்பதில்லை.

வர விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவது நல்லது. எந்த நேரத்துக்கு வள்ளம் எடுப்பது என்பதை வழிகாட்டி ஓதத்தைப் பார்த்துத்தான் சொல்வார். தண்ணீர் ஏறிவிட்டால் அந்தச் சின்னப் பாலங்களுக்கு அடியில், படுத்துக்கொண்டால்கூட, வள்ளம் நுழைய இடம் இருக்காது.