கறிக்கட்டையில் மஞ்சள் என்ன செய்கிறது?

கடல் கடந்த அடுக்களை – 14

ஜெர்சி சிட்டியில் நியூவார்க் அவென்யூவை ஒட்டிய தெருக்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வாரக் கடைசி என்றால் கறி நாள். முழுக் கோழி, ஆட்டுக்கால், தலையோடு வரும் மீன் என்று எதை வாங்கினாலும், கடைக்காரர் வெட்டிக் கொடுத்தது போதாது. வீட்டுக்கு வந்து இன்னொரு முறை கத்தி பிடித்தால்தான் திருப்தி. கொழுப்பை நறுக்க வேண்டும், தோலை உரிக்க வேண்டும், விட்டுப்போன செதிலைச் சுரண்ட வேண்டும். ஊரில் இதற்கென்று கொல்லைப்புறம் இருந்தது. மிச்சம் மீதியைக் காக்கையும் பூனையும் பார்த்துக்கொண்டன. இங்கே ஒரு சிங்க், அதை ஒட்டி ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். அதே மேடையில்தான் அடுத்த அரை மணியில் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி தயாராகும்.

"இந்த இடத்தைக் கழுவ இயற்கையான வழி சொல்லுங்கள், பிளீச் மட்டும் வேண்டாம்" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். தவழும் குழந்தை, குளிர்காலத்தில் சன்னலைத் திறக்க முடியாத அபார்ட்மெண்ட், மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை. ஆனால் அழுக்கை அகற்றுவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு நம் பாட்டிமாரிடம் அருமையான சரக்கு இருந்தது. இரண்டாவதற்கு அவ்வளவாக இல்லை.

தமிழ்நாட்டுக் கறிக்கடையில் புளியமர அடிக்கட்டையில்தான் வெட்டுவார்கள். கடை சாத்தும் நேரத்தில் போய் நின்றால் பார்க்கலாம். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அன்று முழுக்கப் படிந்த கொழுப்பும் மரத்தூளும் கலந்த பசையைக் கடைக்காரர் வழித்து எடுப்பார். மரம் வெளிறித் தெரியும்வரை விடமாட்டார். அப்புறம் கல்லுப்பை அள்ளித் தூவி, மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து, காயவிட்டுவிட்டுப் போய்விடுவார். பார்ப்பவர்களின் பாராட்டெல்லாம் மஞ்சளுக்குத்தான். என்னைக் கேட்டால் மூன்றாம் பரிசுகூட அதற்குக் கிடையாது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை. முதல் பரிசு சுரண்டலுக்கு, இரண்டாவது காயவிடுவதற்கு, மூன்றாவது ஈரத்தை உறிஞ்சும் உப்புக்கு. உப்பையும் ரொம்ப நம்பிவிட வேண்டாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் உப்புக்கு அசைந்துகொடுப்பதில்லை.

மரக்கட்டை அசுத்தம், பிளாஸ்டிக் பலகையே உத்தமம் என்று அமெரிக்காவில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியல் ஆராய்ந்த டீன் கிளைவர் 1990களின் தொடக்கத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார். மரப்பலகையில் விட்ட பாக்டீரியா உள்ளே இறங்கி, பெருக முடியாமல் மெல்லச் செத்தது. புதுப் பிளாஸ்டிக்கைக் கழுவுவது சுலபம். கத்திக்கீறல் விழுந்துவிட்டால் கையால் கழுவிக் கிருமி நீக்குவது பெரும்பாடு. ஆகவே ஊரிலிருந்து யாராவது கட்டை கொண்டுவந்து கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நிமிர்த்தி வைத்து நன்றாகக் காயவிட வேண்டும், அது மட்டும் முக்கியம். ஈரக்கட்டையைச் சிங்க் அடியில் செருகி வைத்தால் கிளைவர் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

கட்டையைவிடப் பெரிய தொல்லை சிங்க். கோழி வாங்கிய அன்றைக்கென்று ஊரிலிருந்து வீடியோ காலில் அம்மா வருவார். "ஏம்ப்பா, மஞ்சப்பொடி போட்டு நாலு தண்ணி அலசுனியா?" அலசவில்லை என்று சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு? அமெரிக்க வேளாண் துறைக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேருடைய சிங்கில் கிருமி இருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேருடைய சிங்கில் அது போகவில்லை. 26 சதவீதம் பேர் பச்சையாகத் தின்னும் சாலட் கீரைவரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் கீரையில் கிருமி ஏறியிருந்தது. கையைச் சரியாகக் கழுவாவிட்டால் கோழியைக் கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன?

நம் ஆட்கள் அலசுவதை விடப்போவதில்லை. குறைந்தபட்சம் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் பிடிக்காதீர்கள். சட்டியில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசுங்கள். பச்சடியை அதற்கு முன்பே நறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இரத்தம் பட்ட இடத்தில் முதலில் ஊற்ற வேண்டியது பச்சைத்தண்ணீர். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் இரத்தத்தின் புரதம் வெந்த முட்டைபோல இறுகி ஒட்டிக்கொள்ளும். வெந்நீரும் சோப்பும் கொழுப்புக்கு. தேங்காய்நாரும் அடுப்புச் சாம்பலும் கிராமத்தில் இந்த வேலையைத்தான் செய்தன. சாம்பலின் காரம் கொழுப்பில் கொஞ்சத்தைச் சோப்பாகவே மாற்றிவிடும். எலுமிச்சையும் புளியும் மீன் வாடையை விரட்டும். வாடைக்குக் காரணமான அமீன்கள் அமிலம் பட்டதும் ஆவியாகாத உப்பாகிவிடுகின்றன. வாடை போனதால் கிருமியும் போயிற்று என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. வினிகர் கிருமியைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவுசெய்த கிருமிநாசினிகளில் அது இல்லை. மேடை மார்பிளாக இருந்தால் கல்லையும் அரித்துவிடும். வெயிலைப் பற்றிக் கேட்பீர்கள். மொட்டைமாடி வெயில் வேறு, சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் வேறு. கிருமிக்கு எமனான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

சூடு நிச்சயமாகக் கொல்லும், குழாய் வெந்நீரின் சூடு போதாது. வீட்டு ஹீட்டரை வழக்கமாக 120 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்திருப்பார்கள். உணவகங்களுக்கான அமெரிக்க விதிமுறையோ 171 டிகிரி நீரில் 30 விநாடி முக்கி வைக்கச் சொல்கிறது. கத்தியையும் சின்னப் பலகையையும் கழுவிய பின் கெட்டிலில் கொதித்த நீரில் போடலாம். மேடைக்கு அது சரிப்படாது, ஊற்றிய மாத்திரத்தில் ஆறிவிடும்.

பிளீச்சே ஆகாது என்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. ஓமத்துக்கு அந்த வாசனையைத் தரும் தைமால், முறையாகப் பதிவுபெற்ற சில கிருமிநாசினிகளில் மூலப்பொருளாகவே இருக்கிறது. சிட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டவையும் உண்டு. லேபிளில் சொன்ன நேரம்வரை மேடை ஈரமாகவே இருக்க வேண்டும். தைமால் என்றால் பத்து நிமிடம்கூட ஆகலாம். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் காசுக்குக் கேடு. உணவு படும் இடம் என்றால் பிறகு தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டும். அதற்காக ஓமத்தைக் கொதிக்கவைத்துத் தெளிக்கக் கிளம்பாதீர்கள். அதில் தைமால் எவ்வளவு இறங்கியது என்று யார் அளந்து பார்ப்பது?

ஜெர்சி சிட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பிளீச்சைத் திட்டுவது கொஞ்சம் நன்றிகெட்ட வேலை. பிளீச் என்கிற ஹைப்போகுளோரைட் கரைசல் பெயரெடுத்ததே இறைச்சிக் கழிவில்தான். விலங்குக் குடலைப் பதப்படுத்தும் பாரிஸ் பட்டறைகளின் நாற்றத்துக்கு 1820களில் அதைக் கொண்டு முடிவுகட்டியவர் அன்துவான் லபராக் என்ற மருந்தாளுநர். குடிநீருக்கு அது வந்த கதை இந்த ஊர்க் கதை. பூண்டன் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர் எப்போதும் சுத்தமாக இல்லை என்று ஜெர்சி சிட்டி நிர்வாகம், தண்ணீர் கம்பெனியை நீதிமன்றத்துக்கு இழுத்தது. கம்பெனியின் சுகாதார ஆலோசகர் டாக்டர் ஜான் லீல், யாரையும் கேட்காமல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலக்க முடிவுசெய்தார். அதற்கான ஏற்பாட்டை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபுல்லர் என்ற பொறியாளர். 1908 செப்டம்பர் 26 அன்று வேலை தொடங்கியது: நாளொன்றுக்கு 4 கோடி காலன் தண்ணீர், ஒரு கோடிப் பங்குக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று பங்கு குளோரின். குடிநீரில் விஷமா என்று கேள்வி எழுந்தது, வழக்கு தொடர்ந்தது, 1910இல் முடிவு லீல் பக்கம் வந்தது. ஒரு நகரத்தின் குடிநீருக்கு இடைவிடாமல் குளோரின் சேர்ப்பது அமெரிக்காவில் இங்கேதான் தொடங்கியது. நம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டும் அதே பவுடர்தான். நீறிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றினால் கிடைப்பது.

வீட்டுக்கும் சின்ன அளவே போதும். ஒரு காலன் தண்ணீருக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு மேசைக்கரண்டி. இது வேளாண் துறை சொல்லும் கணக்கு. சோப்புப் போட்டு அலசி முடித்த மேடையில் ஊற்றி, சில நிமிடம் விட்டு, தானாகக் காயவிடுங்கள். இரத்தமும் கொழுப்பும் இருக்கும்போதே ஊற்றினால் குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும், கிருமி தப்பித்துவிடும். வினிகரோ எலுமிச்சையோ பூசிய இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் பிளீச் பக்கம் போகக் கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு. அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கக் கூடாது.

இத்தனையும் செய்துவிட்டு, கோழி கழுவிய சிங்கைத் துடைத்த ஸ்பாஞ்சால் குழந்தையின் பால் டம்ளரைத் தேய்ப்பவர்கள் உண்டு. கறி மேடைக்குப் பேப்பர் டவல் எடுத்து, வேலை முடிந்ததும் குப்பையில் போடுங்கள். குழாய்ப் பிடியையும் ஒரு துடைப்புத் துடையுங்கள்; கோழிக் கையோடு முதலில் தொட்டது அதைத்தான்.

(அடுத்த வாரம்: சிங்கில் ஊற்றிய ஆட்டுக்கொழுப்பு குழாய்க்குள் என்ன ஆகிறது?)