மதியிறுக்கமுடைய பிள்ளைக்கு உயர்நிலைப் பருவத்தில் இல்லக்கல்வி

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2003இல் நடைமுறைக்கு வந்தது. 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பெற்றனர். எனினும், அச்சட்டம் தொடக்கக் கல்வியையே கட்டாயமாக்குகிறது. அதனை முடித்த பிள்ளையை வீட்டிலேயே பயிற்றுவிப்பதா என்னும் முடிவு பெற்றோரைச் சார்ந்ததாகிறது.

உயர்நிலைப்பள்ளியில் பாடந்தோறும் மாறும் ஆசிரியர், இடைவேளை இரைச்சல், பருவ வயதினரிடையே நிலவும் சொல்லப்படாத நட்பு விதிகள் ஆகியன ஒருங்கே வந்து சேர்கின்றன. பாடத்தை நன்கு விளங்கிக்கொள்ளும் மதியிறுக்கமுடைய பிள்ளையும் இச்சூழலில் தளர்ந்துபோகக்கூடும். ஆகவே, பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டிற்குக் கொணர்வது பயன் தராது.

அன்றாட ஒழுங்கைப் படங்களால் காட்டுதல், மாற்றங்களை முன்கூட்டியே அறிவித்தல், பிள்ளையின் ஈடுபாட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குதல் ஆகிய மூன்றும் இங்கு அடிப்படைகளாம். எம்ஆர்டி வரைபடத்தில் மனந்தோயும் பிள்ளைக்கு அதுவே நேரமும் கட்டணமும் பற்றிய கணிதப் பாடமாகும். தனித்துப் பயணம் செய்யும் பயிற்சியும் அதிலிருந்து தொடங்கும்.

மொழி பற்றியும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். ஆங்கிலம் ஒன்றே போதும் என்னும் அறிவுரையை ஏற்றுத் தமிழைக் கைவிடும் குடும்பங்கள் உள்ளன. ஆனால், இருமொழிச் சூழல் இப்பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தாவும் பாட்டியும் தமிழே பேசும் வீட்டில் அம்மொழியை நீக்கின், பிள்ளை அவர்களுடன் உரையாடும் வாய்ப்பையும் இழக்கும்.

இல்லக்கல்வியின் சுமை பெரும்பாலும் தாயின்மீதே விழுகிறது. உறவினர் வாரத்தில் சில மணிநேரமேனும் பொறுப்பேற்றல் வேண்டும் என நாம் கருதுகிறோம். தாய்க்கு ஓய்வும் பிள்ளைக்குப் பெற்றோரல்லாத பிறரோடு பழகும் வாய்ப்பும் அதனால் கிட்டும்.