ஷிஃப்ட் குறைந்த மாதங்களில்

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் முதலில் நின்றது ஓவர்டைம். பணியாளர் பிரிவில் இருக்கும் நான் இளசுகளிடம் அப்போது கெஞ்சாத குறையாகச் சொன்னது இதுதான்: கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ.க்கென்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல. 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டப்படி, வேலை பறிபோனவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். வாழ்நாளில் ஒருமுறைதான். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது.

அதே மாதங்களில், எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் மட்டும் தெரிந்த ஒரு பெண், பீஸ் வராத மதியங்களில் கட்டிங் வேஸ்ட் துணியை வைத்து ஃபிளாட்லாக்கில் அடிமடிப்பு அடித்துப் பழகினாள். உள்ளூர் ஆர்டர் வந்ததும், "வாம்மா, இந்த மெஷினில் உட்கார்" என்று சூப்பர்வைசரே கூப்பிட்டார். வேலை இருக்கும்போதே அடுத்த மெஷினைப் பழகுங்கள். வேலை போனால் கைகொடுக்கும் பி.எஃப். கணக்கில் பழைய செல் நம்பர் இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.