காற்புள்ளியின் விலை

ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளின் இரைச்சலிடையே வாழும் நமக்கு ஆங்கிலப் பத்திரங்களின் அதிகாரம் புதிதன்று. சுங்கச் சோதனைக்கு வரும் பெட்டியொவ்வொன்றும் ஆங்கிலப் பொருட்பட்டியலோடுதான் வருகின்றது. ஆயினும் சொற்களை நோக்கும் நாம் அவற்றினிடையே கிடக்கும் சிறு குறிகளை நோக்குவதில்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்து லொறிச் சாரதிகள் சிலர் நோக்கினர். ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தில் வேலைசெய்த அவர்கள் மேலதிக நேரச் சம்பளங் கேட்டு வழக்காடினர். உணவுப்பொருளைப் பதனிடல், களஞ்சியப்படுத்தல் முதலிய தொழில்களுக்கு அச்சம்பளம் இல்லையென்பது அங்கிருந்த சட்டம். அப்பட்டியலின் ஈற்றில் ‘பாக்கிங் ஃபோர் ஷிப்மன்ற் ஓர் டிஸ்றிபியூஷன்’ என்றிருந்தது. ‘ஷிப்மன்ற்’ என்பதன் பின் காற்புள்ளி இல்லை. இருந்திருப்பின் விநியோகம் தனித்தொழிலாகும். சாரதிகளுக்கு ஒன்றுங் கிட்டாது. இல்லாமையால், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதிசெய்தல் என ஒரே தொழிலாகவும் பொருள் கொள்ளலாம். சாரதிகளோ பொதிசெய்பவரல்லர்! 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 இல் நிறுவனம் 50 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது.

மூச்சு விடும் இடத்திலே காற்புள்ளி இடுக என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது போதாது என்பதே நம் கருத்து. தமிழில் வேற்றுமையுருபும் எச்சமும் பொருளைத் தாங்குகின்றன. குறிகளின்றியே ஏட்டுச்சுவடிகள் இயங்கின. ஆங்கிலக் குறிகளைத் தமிழ் உரைநடையில் வழக்கப்படுத்தியோருள் முதன்மையானவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஆங்கிலத்திலோ சொல் நிற்கும் இடமே பொருள். ஆதலின் குறி பிழைத்தாற் பொருளும் பிழைக்கும்.

முக்காற்புள்ளிக்கு முன் நிற்பது முழுவாக்கியமாதல் வேண்டும். ‘வீ நீட் த்ரீ திங்ஸ்: ரைஸ், ஷுகர் அன்ட் சோல்ட்’ என்பது சரி. ‘வீ நீட்:’ என்று வினையை அந்தரத்தில் நிறுத்துவது பிழை. மேற்கூறிய அமெரிக்கச் சட்டமே ‘ஒவ்’ என்ற சொல்லின் பின் முக்காற்புள்ளி இட்டிருந்தது. சட்டம் எழுதுவோர்க்குள்ள அவ்வுரிமை பரீட்சை எழுதுவோர்க்கு இல்லை.

மாணாக்கரிடம் மிகுதியாகக் காணும் பிழை வேறொன்று: ‘இற் ரெயின்ட், வீ ஸ்ரேய்ட் அற் ஹோம்’ என இரு முழுவாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் பிணைத்தல். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இதைச் சோதிக்கலாம். காற்புள்ளியின் இருபுறமும் உள்ளவற்றைத் தனித்தனியே தமிழிற் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். ‘மழை பெய்தது’, ‘நாங்கள் வீட்டில் இருந்தோம்’ என இரண்டும் முற்றாக நிற்குமாயின், அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடுக; அல்லது காற்புள்ளியின் பின் ‘ஸோ’ போன்ற இணைப்புச் சொல்லொன்றைச் சேர்க்க.