உவர் நிலத்து நெல்: முளைப்பும் பரம்பரைக் குணமும்

உப்பு நீரில் முளைத்த நெல் உவர் நிலத்திலும் விளையுமென்று எண்ணுவது இயல்பே. ஆயினும் இவ்வெண்ணத்தையே நம்பி நடவு செய்வோர் நாற்றையும் கூலியையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

நெல்லானது முளைக்கும் பருவத்தில் உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கவல்லது. உப்பு மிகுந்த நீரை விதை உறிஞ்சுவது கடினமாதலால் முளை தாமதிக்குமேயன்றி எளிதில் அற்றுப்போவதில்லை. முளைக்கு வேண்டிய ஆகாரம் அரிசியிலேயே இருக்கிறது. அது தீர்ந்து, நாற்று இரண்டு மூன்று இலைகள் விட்டு, வேரைக்கொண்டே பிழைக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகின்றது. இலைகள் நீரை ஆவியாக விடுந்தோறும் சோடியம் மேலேறி அவற்றிலேயே தங்கி, நுனி கருகச் செய்கிறது. பூக்கும் பருவத்தில் மறுபடியும் இத்துன்பம் நேர்ந்து பதர் மிகும்.

இவ்விரு பருவங்களின் தாங்குதிறனும் ஒரே பரம்பரைக் கூற்றினால் வருவன அல்ல. உவர் தாங்குவதிற் பேர்பெற்ற கேரளத்துப் பொக்காளி நெல்லில், நாற்றைக் காக்கும் குணம் பல ஜீன்களின் கூட்டால் அமைந்தது. அவற்றுள் முக்கியமான பகுதி முதற் குரோமோசோமில் உள்ள ‘சால்டோல்’ ஆகும். 2005-ஆம் ஆண்டில் வங்காளத்து நோனா போக்ரா நெல்லிலிருந்து அதே குரோமோசோமைச் சேர்ந்த ஜீன் ஒன்று பிரித்தறியப்பட்டது. வேரிலிருந்து மேலேறும் சாற்றினின்று சோடியத்தை விலக்கி, இலைக்குச் செல்லாமற் குறைப்பதே அதன் வேலை. இலையே தோன்றாத முளைக்கு இதனால் ஆவது சொற்பம் என்பது வெளிப்படை.

அன்றியும், முளைப்பு முழுவதும் பரம்பரையைப் பொறுத்ததன்று. தாய்ப்பயிர் வளர்ந்த நிலை, மணியின் திரட்சி, விதையின் வயது ஆகியவையும் அதை மாற்றும். ஆகையால் ஒரே மூட்டையின் விதையை நல்ல நீரிலும் உவர் நீரிலும் நூறு நூறாக முளைகட்டி ஒப்பிட்டாலன்றி, குறை விதையினுடையதா, உப்பினுடையதா என்று தெளிய இயலாது. அதன்பின் நாற்றுகளை மூன்று இலை வரையிலும் அந்நீரிலேயே வளர்த்துப் பார்க்க வேண்டும்.

வயலில் பிழைத்து நின்ற பயிரிலிருந்து விதை எடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. உப்பு வயல் முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. உப்புக் குறைந்த இடத்தில் நின்ற சாதாரணப் பயிரும் வீரியமுள்ளதுபோல் தோன்றும்.

2004-ல் நாகைக் கடற்கரையில் நேர்ந்ததுபோலக் கடல்நீர் ஏறிய கிராமங்களில் விதை வழங்கும் அலுவலர்கள் ஒன்று கவனிக்கத்தக்கது. சான்று பெற்ற நெல் விதைக்கு விதிக்கப்பட்டுள்ள 80 சதவிகித முளைப்பு நல்ல நீரிற் கண்ட கணக்கேயாம். சீட்டில் முளைப்பைப் பார்த்தபின், ரகத்தின் பெயரையும் பார்த்து, அது உவர் நிலத்துக்கென வெளியிடப்பட்ட ரகந்தானா என்று விசாரித்தே விதையை வழங்க வேண்டும்.